உப்பிய கெப்பாசிட்டர் முதல் யூனிகோடு வரை: ஒரு சிறுமியும் ஒரு பழைய பென்டியமும் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில், தாலுகா அலுவலகம் உள்ள ஒரு சிற்றூர். அங்கே கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பள்ளி வினாத்தாள், ஜெராக்ஸ் என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு டிடிபி கடை. 2007இல் கடையில் இரண்டு கணினிகள் இருந்தன. புதியதில் வேலை நடந்தது. 2003இல் அசெம்பிள் செய்து வாங்கிய பழையது பல மாதங்கள் தகராறு செய்து, கடைசியில் மேசைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. 478 பின் சாக்கெட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 பிராசஸர், இன்டெல் 845 வரிசை சிப்செட், 256 எம்பி டிடிஆர் ராம் (தற்காலிக நினைவகம்), 40 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க், 15 அங்குல சிஆர்டி மானிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. அக்காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த அதே வகை இயந்திரம்.

பார்க்க வந்த சர்வீஸ் ஆள் "போர்டு போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். புது போர்டு (பாகங்களெல்லாம் பொருந்தும் மதர்போர்டு) வாங்குவதற்கு இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் வேறு கணினியே வாங்கிவிடலாம் என்பதால் கடைக்காரர் அதைக் கைகழுவினார்.

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் கடைக்காரருடைய அண்ணன் மகள். அப்போது 12 வயது, ஏழாம் வகுப்பு, அரசு உதவி பெறும் பள்ளி. டார்ச் லைட், சுவர்க்கடிகாரம், வீட்டு ரேடியோ என்று கைக்கு வந்ததையெல்லாம் பிரிப்பவர். திரும்பப் பூட்டத் தெரியாது என்பதால் வீட்டில் அதற்குத் திட்டும் வாங்கியவர். செத்த கணினியைப் பிரித்துப் பார்க்கலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டார். "பிரிச்சுக்கோ" என்றார் அவர்.

மூன்றாமவர், பக்கத்துக் கடையில் டிவி, ரேடியோ பழுது பார்த்துவந்த மெக்கானிக். ஐம்பதை ஒட்டிய வயது. கணினி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் பவர் சப்ளை தெரியும், சால்டரிங் தெரியும், எங்கே ஆரம்பித்து எப்படிப் பழுதைத் தேடுவது என்பதும் தெரியும். பின்னால் நடந்தவற்றை வைத்துப் பார்க்கும்போது, அவருக்குக் கணினி தெரியாமலிருந்தது இந்தச் சிறுமிக்குக் கிடைத்த பெரிய நன்மை. விடை தெரிந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் கேள்விக்கு இடமிருந்திருக்காது.

முதலில் கண்டது: கேபினெட்டில் ஷாக்

கழற்றத் தொடங்கும் முன்பே ஒரு சிக்கல் வெளிப்பட்டது. வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்ட சிறுமி, கையில் சுருக்கென்று ஏதோ கடிப்பதாகச் சொன்னார். கடைக்காரர் "அது எப்பவும் அப்படித்தான்" என்றார். மெக்கானிக் டெஸ்டரை வைத்தார், அது எரிந்தது.

காரணம் சாதாரணமானது. அதனாலேயே பலரும் அதைக் கவனிப்பதில்லை. கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகங்கள்) உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து உலோக உடலுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து உடலுக்கு. எர்த் சரியாக இருந்தால் கசிவு அதன் வழியே போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, 115 வோல்ட் அளவுக்கு, உடலில் தங்கி நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதே கேபினெட்டில் என்றாவது ஒரு ஃபேஸ் ஒயர் உரசினால், காப்பாற்ற எர்த் இருக்காது. கடையின் மூன்று துளை பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தபோது, பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

எர்த் இழுக்கும்வரை யாரும் அந்தக் கணினியைத் தொடக் கூடாது என்றார் மெக்கானிக். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, கட்டடத்தின் எர்த் குழியிலிருந்து ஒயர் இழுத்த பிறகுதான் வேலை தொடங்கியது. இந்த நிகழ்வில் பெரியவர்கள் எடுத்த முதல் முடிவும் மிக முக்கியமான முடிவும் இதுதான்.

வகுத்த விதிகள்

எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் மானிட்டரையும் திறக்கவே கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் 230 வோல்ட் ஏசி, சுமார் 325 வோல்ட் டிசியாகச் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கும். சிஆர்டி குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல். தன் கடையிலேயே தினமும் டிவி குழாயோடு வேலை செய்பவர் சொன்னதால் சிறுமி அதை மறுபேச்சில்லாமல் ஏற்றார்.

உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும். மீதி மின்சாரம் வடிய அது உதவும்.

ஒவ்வொரு முறையும் நோட்டில் நான்கு வரி எழுத வேண்டும்: என்ன தெரிகிறது, என்ன செய்யப்போகிறேன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், என்ன நடந்தது. மூன்றாவது வரியை எழுதாமல் எதையும் கழற்றக் கூடாது.

பெரியவர்களுக்கும் ஒரு விதி இருந்தது. ஆபத்து வந்தால் தவிர, அவர்கள் கை வைக்க மாட்டார்கள். ஐந்து நிமிட வேலை மூன்று நாள் இழுத்தபோது கடைக்காரருக்குப் பொறுமை போனது. மெக்கானிக் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளோடு இப்படி உட்கார்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஸ்க்ரூ டிரைவரைப் பெரியவர் வாங்கிவிட்டால், அதன் பிறகு பிள்ளை வேடிக்கை பார்க்கும் ஆளாகிவிடுகிறது.

சோதனையின் வரிசை

அறிகுறி இதுதான்: பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும். திரையில் ஒன்றும் வராது. பீப் ஒலியும் இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் மதிய வெயிலில் உறைந்துபோவதும், காலையில் இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் கிளம்புவதும் வழக்கமாக இருந்ததாகக் கடைக்காரர் நினைவுகூர்ந்தார். கடிகாரமும் அடிக்கடி பழைய தேதிக்குப் போய்விடும். அது தனிப் பழுது, சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தது. 3 வோல்ட் பேட்டரியில் மீட்டர் 2.4 காட்டியது. மாற்றியதோடு அந்தப் பக்கம் முடிந்தது.

அடுத்து எஸ்எம்பிஎஸ். 20 பின் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் பக்கத்திலுள்ள கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் அது தானாக ஓடும். லோடு இல்லாமல் ஓட்டினால் சில எஸ்எம்பிஎஸ்கள் தவறான அளவு காட்டும் என்பதால் பழைய சிடி டிரைவ் ஒன்றை மாட்டினார்கள். சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12, ஆரஞ்சு 3.3. அனுமதிக்கப்பட்ட விலகல் மேலும் கீழும் 5 சதவீதம், அதாவது 12 வோல்ட் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை. எல்லாமே வரம்புக்குள் இருந்தன.

திரும்ப மாட்டியபோது சிறுமி நான்கு பின் கனெக்டர் ஒன்றை மறந்துவிட்டார். பென்டியம் 4 போர்டுகளில் பிராசஸருக்கென்றே தனியாக 12 வோல்ட் கொண்டுவரும் சதுரக் கனெக்டர் அது. அதை மாட்டாவிட்டாலும் ஃபேன் சுற்றும், திரை வராது. அறிகுறி பழைய பழுதைப் போலவே இருந்ததால் தவறு தெரியவில்லை. கழற்றும் முன் வரைந்த படத்தோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. அன்றிலிருந்து கழற்றும் ஒவ்வொரு கனெக்டருக்கும் காகிதத் துண்டில் எண் எழுதி ஒட்டினார்.

திருப்புமுனை ராமைக் கழற்றியபோது வந்தது. ராம் இல்லாவிட்டால் போர்டு பீப் அடித்துப் புகார் சொல்ல வேண்டும் என்று கடையிலிருந்த கையேட்டில் போட்டிருந்தது. கழற்றிவிட்டு ஆன் செய்தார்கள். சத்தமே இல்லை. "ராம் இல்லைன்னு சத்தம் போடச் சொல்றது யாரு?" என்று மெக்கானிக் கேட்டார். அவருக்கும் விடை தெரியாது. கையேட்டைப் புரட்டிய சிறுமி, பயாஸ் என்ற சிறிய நிரலை பிராசஸர் ஓட்டுகிறது, அதுதான் ராமைச் சோதிக்கிறது என்று கண்டுபிடித்தார். சத்தமே வராததால், பிராசஸர் அந்த இடம்வரைகூட வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அன்றைய நோட்டின் மூன்றாவது வரியில் "பிராசஸருக்குக் கரண்டு சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும்" என்று இருக்கிறது. 12 வயதுப் பிள்ளை தானாக வந்துசேர்ந்த முடிவு அது.

உப்பிய கெப்பாசிட்டர்கள்

பிராசஸரைச் சுற்றி எட்டு உருளைக் கெப்பாசிட்டர்கள். அவற்றில் ஐந்தின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் மேலிருந்த கீறல் பிளந்து, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. சிறுமி ஏற்கெனவே போர்டைப் படம் வரைந்தபோது சிலவற்றைத் தட்டையாகவும் சிலவற்றை மேடாகவும் வரைந்திருந்தார். அது பழுது என்று மட்டும் அவருக்கு அப்போது தெரியவில்லை.

1999 முதல் 2007 வரை உற்பத்தியான ஏராளமான போர்டுகளில் இதே கோளாறு வந்தது. எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாததால் அதிலுள்ள நீர் அலுமினியத்தோடு வினை புரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அழுத்தம் ஏறித் தலை உப்பும். வெடிக்காமல் பிளந்து வெளியேறத்தான் தலையில் அந்தக் கீறல். கொள்ளளவு குறைந்து உள்மின்தடை ஏறிவிட்டால், பிராசஸருக்குப் போகும் 1.5 வோல்ட் நிலையாக இருக்காது. வெயில் நேரத்தில் உறைந்ததும், காலையில் கிளம்ப மறுத்ததும் இதனால்தான்.

பிராசஸரின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க்கைக் கழற்றும்போது, 478 சாக்கெட்டில் அடிக்கடி நேரும் விபத்து நடந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த தெர்மல் பேஸ்ட் இறுகிப்போயிருந்ததால், நேராக மேலே இழுத்தபோது பிராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்தது. சாக்கெட்டின் கம்பி பூட்டியே இருந்ததால் ஓரத்தில் மூன்று பின்கள் சாய்ந்தன. 0.5 மில்லிமீட்டர் மைக்ரோடிப் பென்சிலிலிருந்து குச்சியை எடுத்துவிட்டு, அதன் வாய்க்குழாயைப் பின்னில் நுழைத்து மெல்ல நிமிர்த்தினார்கள். ஒரே தடவையில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும், சிறிது சிறிதாகத்தான் செய்ய வேண்டும். கணினி ஓடுகிற நிலையில் இருந்தால் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, ஹீட்சிங்க்கை இடம் வலமாகத் திருகிக் கழற்றுவதே சரியான முறை. இங்கே ஹேர் டிரையர் வெப்பம் கொடுத்திருந்தாலே போதும்.

மாற்றுக் கெப்பாசிட்டரில் மெக்கானிக்கின் கணிப்பு ஒருமுறை தவறியது. டிவிக்கு வைத்திருந்த 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், 85 டிகிரி வகையைக் கொடுத்தார். வோல்டேஜ் அதிகமாக இருப்பதால் தாங்கும் என்பது கணக்கு. மாட்டியதும் கணினி கிளம்பியது, திரையில் எழுத்து வந்தது. கடையே கூடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் உறைந்தது. தொட்டுப் பார்த்தால் புதிய கெப்பாசிட்டர்கள் கொதித்தன. டிவி பவர் சப்ளையின் வடிகட்டும் பகுதிக்கும் இந்த இடத்துக்கும் வேறுபாடு உண்டு. இங்கே மின்னோட்டம் நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும். சாதாரண வகையின் உள்மின்தடை அதற்கு அதிகம், அதனால் தானே சூடாகிவிடும். தேவை குறைந்த உள்மின்தடை கொண்ட, 105 டிகிரி தாங்கும் வகை. வோல்டேஜ் 6.3 போதும். சென்னைக்குப் போன உறவினர் ஒருவர் ரிச்சி தெருவிலிருந்து 1500 மைக்ரோஃபாரட்டில் பத்து வாங்கி வந்தார்.

சால்டரிங் சிறுமிதான் செய்தார். அதற்கு முன் மெக்கானிக் கடையிலிருந்த உடைந்த டிவி போர்டுகளில் பழகினார். புகை வெளியேற ஜன்னலைத் திறந்துவைப்பது, ஈயம் கலந்த சால்டர் என்பதால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது இரண்டும் கட்டாயம். கணினி போர்டு பல அடுக்குகள் கொண்டது. கெப்பாசிட்டரின் எதிர்முனைக் கால் உள்ளே அகலமான செப்புத் தகட்டோடு இணைந்திருப்பதால் 25 வாட் அயர்னின் வெப்பத்தை அது உறிஞ்சிவிடும். நேர்முனைக் கால் உருகும், எதிர்முனை உருகாது. புது ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து, சால்டரிங் பேஸ்ட் தொட்டு, 60 வாட் அயர்னை வைத்தபோதுதான் இளகியது. இந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக் செய்தார். ஒரு காலை முழுதும் உருகும் முன் இழுத்துவிட்டதில் துளையின் உட்சுவர்ச் செப்பு பிய்ந்து வந்தது. அந்தக் காலை, பக்கத்துக் கெப்பாசிட்டரின் எதிர்முனையோடு அடிப்பக்கத்தில் குட்டி ஒயரால் இணைத்தார்கள். துளைகளில் அடைத்த ஈயத்தை எடுக்கத் தையல் ஊசி உதவியது.

வெள்ளைப் பட்டை உள்ள பக்கம் எதிர்முனை. பெரும்பாலான போர்டுகளில் வட்டத்தின் நிழலிட்ட பாதி அதைக் காட்டும். சில தயாரிப்புகளில் தலைகீழாக இருக்கும் என்பதால், கழற்றும் முன்பே ஒவ்வொன்றின் பட்டையும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வரைந்துகொள்வது நல்லது. மாற்றிப் போட்டால் வெடிக்கும். முதல்முறை ஆன் செய்யும்போது எல்லோரும் தள்ளி நின்றார்கள். இம்முறை கணினி நாள் முழுதும் ஓடியது.

ஏற்பட்ட இழப்பு

அந்த நாட்களில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சிடியைக் கேட்டு எழுதினால் இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். 2011இல்தான் அது நின்றது. மெக்கானிக்கின் உறவுக்காரக் கல்லூரி மாணவர் ஒருவர் அப்படி வாங்கிய சிடி ஒன்றைக் கொடுத்தார். நிறுவும்போது முழு வட்டையும் (ஹார்ட் டிஸ்க்) பயன்படுத்தலாமா என்று கேட்ட இடத்தில் சிறுமி சரி என்று கொடுத்தார். அதே வட்டின் டி டிரைவில் இருந்த கடையின் பத்திரிகை வடிவமைப்புகள் அழிந்தன.

பழையவை சிடியில் இருந்தன. கடைசி ஓராண்டு வேலை மட்டும் எங்கும் இல்லை. கல்லூரி மாணவர், அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் நிரலைக் கொண்டு தேடியதில் படங்களில் பெரும்பகுதி மீண்டது, ஆனால் பெயர்களும் ஃபோல்டர்களும் போய்விட்டன. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளில் மிகச் சிலவே திறந்தன.

இங்கே கடைக்காரர் எடுத்த முடிவு கவனிக்கத் தக்கது. கணினியைப் பறிக்கவில்லை. நடந்ததை நோட்டில் எழுதச் சொன்னார். மீண்ட கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, யாருடைய வேலை என்று பார்த்துப் பெயரிடும் பொறுப்பைச் சிறுமியிடமே ஒப்படைத்தார். எங்கள் கணிப்பில் இந்த இழப்புக்குப் பொறுப்பு பெரியவர்களுடையது. மின்சாரத்துக்கு விதி வகுத்தவர்கள் வட்டுக்கு வகுக்கவில்லை. தேவையான தரவின் ஒரே பிரதி இருக்கும் வட்டோடு ஒரு கணினியைப் பழகக் கொடுத்தது அவர்கள்தான்.

மேசை வீட்டுக்கு வந்தது

அடுத்த ஆண்டு சிறுமி வயதுக்கு வந்தார். கடையில் உட்காரக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தென்மாவட்டத்தில் இது அதிசயமில்லை. ஆர்வம் இப்படி நடுவழியில் முறிந்துபோன பெண் பிள்ளைகள் நிறைய. சித்தப்பா அண்ணனிடம் பேசி, கணினியையும் மேசையையும் வீட்டு ஹாலுக்கே கொண்டுவந்தார். மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வந்து, வீட்டின் எர்த்தை முதலில் சோதித்தார். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பார்த்திருப்பார். இந்த ஏற்பாடு இல்லாமல் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. ஆனால் வாசல் ஏன் அடைபட வேண்டும் என்ற கேள்வியை வீட்டில் யாரும் எழுப்பவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

2008 முதல் மின்வெட்டு கூடியது. கடையில் கிடந்த 600 விஏ யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று மாற்றினார்கள். கணக்கில் 84 வாட்-மணி. சிஆர்டியும் பென்டியமும் சேர்ந்து 150 வாட்டுக்கு மேல் இழுக்கும்போது நடைமுறையில் கிடைப்பது பத்து, பதினைந்து நிமிடம். சேமித்துவிட்டு அணைக்க அது போதும்.

அரைப்புள்ளியில் கிடைத்த துப்பு

வன்பொருள் ஆர்வம் நிரல் ஆர்வமாக மாறியது கோப்புகளுக்குப் பெயரிடும் அந்த வேலையில்தான். பேஜ்மேக்கரிலிருந்து டெக்ஸ்ட்டாக ஏற்றுமதி செய்து வைத்திருந்த பழைய கோப்புகளை லினக்ஸில் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளின் குப்பை. கடையில் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும்.

சிறுமி முதலில் கவனித்தது அரைப்புள்ளிகளை. குப்பை முழுவதும் அரைப்புள்ளியாக இறைந்து கிடந்தது. அச்சான பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மெய்யெழுத்தின் புள்ளி வரும் இடத்திலெல்லாம் அரைப்புள்ளி இருந்தது. 'அம்மா'வில் ஒன்று, 'திருமணம்' என்பதில் கடைசியில் ஒன்று. அங்கிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்து, நோட்டில் அட்டவணை போட்டார். அதை நிரலாக்கலாம் என்று பைத்தான் நிரல்மொழியின் அடிப்படையைக் கல்லூரி மாணவர் சொல்லிக்கொடுத்தார். அப்போது ஒன்பதாம் வகுப்பு.

அட்டவணைப்படி மாற்றும் முதல் நிரல் 'அம்மா'வைச் சரியாக மாற்றியது. 'பெண்' தவறியது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பார்கள்: முதலில் கொம்பு, பிறகு 'ப'. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் ஒலிக்கும் வரிசை: முதலில் 'ப', பிறகு கொம்பு. எனவே ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றைச் சந்தித்தால் பிடித்துவைத்து, அடுத்த மெய்க்குப் பின்னால் விட வேண்டும். அது சரியானதும் இன்னொன்று. 'கொ' திரையில் சரியாகத் தெரிந்தது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை. நிரல் அதைக் 'க', கொம்பு, கால் என்று மூன்று குறிகளாக எழுதியிருந்தது. விசைப்பலகையில் அடிக்கும்போது வருவதோ 'க'வும் ஒகரக் குறியும், இரண்டே. பார்வைக்கு ஒன்றாக இருப்பவை கணினிக்கு வேறு வேறு. போர்டின் பழுதைப் போலவே, தெரிவதை நம்பாமல் அடியில் என்ன இருக்கிறது என்று அளக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்தின் எண்ணையும் அச்சிட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

ஔகாரத்தை அவரால் முழுதும் தீர்க்க முடியவில்லை, இயலவும் இயலாது. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் 'ள' எழுத்தும் ஒரே குறி. 'கௌரி'யா, எகரத்தையடுத்த 'ள'வா என்பதைச் சொல்லை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு சிறு சொற்பட்டியல் வைத்துச் சமாளித்தார். பட்டப்படிப்பின் பெயரை ஆங்கிலத்தில் போட்டிருந்தால் நிரல் அதையும் தமிழாக்கிவிடும். அதற்குக் கையால் திருத்துவதே வழி. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகு, கடைக்குப் பழைய கோப்புகளை மாற்றித் தரும் வேலை வரத் தொடங்கியபோது அந்த நிரல் பயன்பட்டது.

பின்விளைவு

பத்தாம் வகுப்பு அரையாண்டில் கணக்கு மதிப்பெண் சரிந்ததும் தந்தை கணினியை மூடச் சொன்னார். வார இறுதியில் மட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. கலந்தாய்வு மூலம் எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் படித்தார். இன்று தொழிற்சாலைக் கருவிகளுக்கான ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்) எழுதும் பணியில் இருக்கிறார். போர்டு கிளம்பாதபோது முதலில் வோல்டேஜை அளந்து, எதிர்பார்ப்பை எழுதிவிட்டுத் தொடும் வழக்கம் இன்னும் அவரிடம் உண்டு.

அதே மேசையில் உட்கார்ந்த சித்தப்பா மகனுக்கு ஆர்வம் ஒட்டவில்லை. அவர் வந்தபோது கணினி ஓடிக்கொண்டிருந்தது, கேம் விளையாடினார், பிறகு விட்டுவிட்டார். இரண்டு பிள்ளைகளை வைத்து எதையும் நிறுவ முடியாது. இயல்பு வேறு, வயது வேறு. ஆயினும் ஒருவருக்குக் கிடைத்தது பழுது, மற்றவருக்குக் கிடைத்தது பழுதில்லாத கணினி என்ற வேறுபாட்டை நாங்கள் அலட்சியப்படுத்த மாட்டோம்.

இப்போது செய்தால் எதை மாற்றுவது

கணினியைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் வட்டைக் கழற்றி, வேறொன்றை மாட்டித் தர வேண்டும். இதற்கு விலக்கே கிடையாது. கெப்பாசிட்டர் போன்ற பாகங்களுக்குக் கொள்ளளவு, வோல்டேஜ் ஆகிய இரண்டோடு டிகிரியும் உள்மின்தடை வகையும் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும்.

அந்தக் காலப் பென்டியமை இன்று தேடிப் போக வேண்டியதில்லை. பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் 32 பிட்டைக் கைவிட்டுவிட்டன. டிடிஆர் 3 காலத்து 64 பிட் டெஸ்க்டாப் எளிதில் கிடைக்கும், பாகங்கள் கழன்று வரும். மடிக்கணினி இதற்கு உதவாது: பலவற்றில் ராமே போர்டோடு ஒட்டப்பட்டிருக்கிறது, லித்தியம் பேட்டரியைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும். புதிய போர்டுகளில் திடப்பொருள் கெப்பாசிட்டர்கள் இருப்பதால் கண்ணால் பார்த்தே பழுதைப் பிடிக்கும் வாய்ப்பு குறைவு. அதற்குப் பதிலாக நான்கு பின் கனெக்டரையோ ராமையோ வேண்டுமென்றே தளர்த்திவைத்துக் கொடுக்கலாம். ஆனால் அப்படிச் செய்தது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஏமாற்றியதாகத் தோன்றினால் நம்பிக்கை போய்விடும்.

பெண் பிள்ளையென்றால், கடையோ மையமோ அடைபடும் நாள் வருமா என்று தொடக்கத்திலேயே வீட்டாரிடம் பேசிவிடுவது நல்லது. இங்கே ஒரு சித்தப்பா இருந்தார். எல்லா வீட்டிலும் இருக்கமாட்டார்.

மெக்கானிக்கின் நேரத்துக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கடையில் வேலை தேங்கிய நாட்களிலும் அவர் வந்து உட்கார்ந்தார். இதுபோன்ற ஏற்பாட்டைத் திட்டமிட்டு நடத்தும் பள்ளியோ நூலகமோ, உள்ளூர் மெக்கானிக்குக்கு மணிக்கணக்கில் மதிப்பூதியம் ஒதுக்கிய பிறகே தொடங்க வேண்டும்.